வணிக மனையின் தரைமட்டமும் நிலத்தடிக் குழாய்களும்: வரைபடச் சரிபார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், கடை வளாகம், மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு மனை வாங்கியவர்களும் அவர்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறோம். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மனை: சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம், 100 மீ × 100 மீ, அதாவது ஒரு ஹெக்டேர், சுமார் இரண்டரை ஏக்கர். நிலம் தட்டை, அடியில் களிமண். மட்டங்கள் (+ குறியிட்டவை, கடல்மட்டத்துக்கு மேல் மீட்டரில்) கணக்கு விளங்குவதற்காகக் கொடுத்தவை. உங்கள் மனைக்கு உங்கள் சர்வேதான் பேச வேண்டும்.

சரிபார்ப்பில் முதலில் எந்தத் தாளைப் பார்ப்பீர்கள்?

மழைநீர் மனையை விட்டு வெளியேறும் இடத்தை. அங்கே இருக்கும் பொது வடிகாலின் அடிமட்டம் என்ன, மேல்மட்டம் என்ன, நவம்பரில் அதில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்ற மூன்று எண்கள் இல்லாவிட்டால் மற்றத் தாள்களைப் புரட்டிப் பயனில்லை. பெரும்பாலான வரைபடங்களில் கட்டடத்தின் தரைமட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, குழாயைப் பின்னால் எப்படியோ நுழைக்கப் பார்க்கிறார்கள். வேலை தலைகீழாக நடக்க வேண்டும்.

மாதிரி மனையில் கணக்கு இப்படிப் போகும். பொது வடிகாலின் அடி +2.60, மேல் +3.80, அடைமழையில் நீர்மட்டம் +3.60. கடைசி மூலையிலிருந்து வடிகால் வரை குழாய் நீளம் 140 மீ. 300-க்கு 1 வாட்டத்தில், அதாவது 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில், 0.47 மீ. சேம்பர்களிலும் (குழாய்கள் சந்திக்கும் தொட்டிகள்) திருப்பங்களிலும் இழப்பு 0.15 மீ என்று வைத்தால், கடைசி மூலையில் குழாய்க்குள் தண்ணீர் +4.22 வரை ஏறி நிற்கும். அதற்கு மேல் 0.30 மீ இடைவெளி விட்டால் அங்கே கம்பிச்சட்டத்தின் (தரைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் வாயின் மூடி) மட்டம் +4.52-க்குக் குறையக் கூடாது. அங்கிருந்து கட்டட வாசல் 20 மீ. ஒன்றரை சதவீத வாட்டத்தில் 0.30 மீ ஏற்றினால் வாசல் தளம் +4.82. பிளிந்த், அதாவது கட்டடத்தின் தரைத்தள மட்டம், அதற்கு மேல் 0.45 மீ, ஆக +5.27. இந்த எண் கட்டடக்கலைஞரின் விருப்பத்தில் வந்ததல்ல, வடிகாலில் இருந்து எழுந்து வந்தது.

ஓஎம்ஆர் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

தண்ணீர் போகும் வழி அப்படி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து சேரும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. நிலம் கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். கடல் ஏற்றத்தில் இருந்தால் கால்வாய் மெதுவாகவே வடியும். கால்வாய் வடியாவிட்டால் சாலை வடிகாலும் வடியாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் ஊர் இது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அந்த அளவு மழைக்குக் குழாய் போட முடியாது. அந்த அளவு மழையிலும் மின் அறைக்குள் தண்ணீர் வராதபடி மட்டம் வைக்க முடியும்.

சர்வே எப்படி இருக்க வேண்டும்?

தட்டை நிலத்தில் 5 மீ கட்டத்துக்கு ஒரு மட்டம். மனை எல்லையோடு நிறுத்தக் கூடாது: சாலையின் நடு, ஓரம், எதிர்ப்புறம், சுற்று மனைகளின் தரை, பொது வடிகாலின் அடிமட்டம் கீழ்நோக்கி 200 மீ வரையாவது, பக்கத்துக் கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் நீர் செல்லும் சிறுபாலம்) அகலம், உயரம், அடி, கழிவுநீர் மேன்ஹோலின் மூடி மட்டமும் உள்ளே குழாயின் அடிமட்டமும். மூடியைத் திறக்காமல் "ஆழம் 1.5 மீ எனக் கருதப்பட்டது" என்று எழுதி வரும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அடிக்கடி வரும் பிழை ஒன்று. டிஜிபிஎஸ் கருவி (செயற்கைக்கோள் வழி அளப்பது) தரும் உயரம் நீள்வட்ட உயரம், அதாவது பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாகக் கருதி அளந்தது. கடல்மட்ட உயரம் அல்ல. சென்னையில் இரண்டுக்கும் இடையே எண்பது மீட்டருக்கும் மேல் வித்தியாசம். அதைத் தோராயமாக ஒரு எண்ணால் சரிக்கட்டிவிட்டு, நீர்வளத் துறை தரும் கடல்மட்ட எண்ணோடு ஒப்பிட்டால் அரை மீட்டர் தவறிப் போவது எளிது. இந்திய நில அளவைத் துறையின் பென்ச் மார்க்கிலிருந்து (மட்டம் தெரிந்த நிலைக்குறி) ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து மட்டத்தைக் கொண்டுவந்து, மீண்டும் அங்கேயே போய் முடித்து, மூடுபிழையை (தொடங்கிய எண்ணுக்கும் முடிந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) தாளில் காட்ட வேண்டும். மனைக்குள் கலையாத இடத்தில் காங்கிரீட்டில் இரண்டு தற்காலிக பென்ச் மார்க். ஒன்று போதாது, ஜேசிபி எப்போதும் அதைத்தான் தேடிப் பிடிக்கும்.

சாலையை விட இரண்டடி உயர்த்தினால் போதும் என்கிறார்களே?

எந்த ஆண்டின் சாலையை விட என்று கேளுங்கள். பழையதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை ஏறிக்கொண்டே போனதால்தான் பழைய வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார், அப்படியும் 0.15 மீ கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஏரி, ஓடை, கால்வாய்க்கு அருகில் இருந்தால் நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று தேவைப்படும். அதில் மனையை உயர்த்த வேண்டிய குறைந்தபட்ச மட்டம் கடல்மட்டக் கணக்கில் இருக்கும், மண்ணை 0.30 மீட்டருக்கு மிகாத அடுக்குகளாகக் கொட்டி இறுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் வரும். வடிகாலில் இருந்து வரும் மட்டம், சாலை தரும் மட்டம், சான்றில் உள்ள மட்டம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதுதான் உங்கள் மட்டம். சான்று வருமுன் பிளிந்த் மட்டத்தை உறைய வைக்காதீர்கள்.

மனை வழியாக வாய்க்கால் ஒன்று போனால் அதை நிரப்பவோ திருப்பவோ உங்களுக்கு உரிமை கிடையாது. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் வாய்க்கால் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் இப்போது தடமே இல்லை என்பது விடையாகாது.

எவ்வளவு மண் வேண்டும்?

சராசரி 0.9 மீ நிரப்பு என்றால் இறுகிய நிலையில் 9,000 கன மீட்டர். லாரியில் வருவது உதிரி மண், 1.25-ஆல் பெருக்கினால் 11,250 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஏறத்தாழ 4,000 யூனிட். ஆறு யூனிட் டிப்பரில் 660 நடைக்கு மேல். விலைப்பட்டியலில் "9,000 கன மீட்டர்" என்று மட்டும் எழுதி, உதிரியா இறுகியதா என்று சொல்லாமல் விட்டால் கான்ட்ராக்டரோடு சண்டை நிச்சயம். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கட்ட மட்டங்களை வைத்துத்தான் அளவு எடுக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எந்த மண், எப்படி இறுக்குவது?

கிராவல் நல்லது, நல்ல சவுடும் ஆகும். எங்கோ பேஸ்மெண்ட் தோண்டிய களிமண்ணை இலவசமாகக் கொட்டுகிறேன் என்பவரைக் கேட்டுக்குள் விடாதீர்கள். கட்டற்ற வீக்கக் குறியீடு (மண் தண்ணீரில் எவ்வளவு உப்பும் என்ற அளவு) 50 சதவீதத்தைத் தாண்டிய மண் நிரப்புக்கு ஆகாது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, பேவர் கல்லை அலை அலையாக்கும். மண் வரும் இடத்துக்குக் கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்பதையும் நடைக்கு நடை பார்க்க வேண்டும்.

முதலில் மேல்மண்ணை, வேரோடும் புல்லோடும், 150 மி.மீ. வழித்து எடுக்க வேண்டும். சேற்றின் மேல் மண்ணைக் கொட்டினால் சேறு எங்கும் போகாது, கீழேயே உட்கார்ந்திருக்கும். பிறகு இறுகிய பின் 200 மி.மீ. வரும்படி அடுக்குகள்; ஒவ்வொன்றும் கனரக பிராக்டர் அடர்த்தியில் (ஆய்வகத்தில் அதே மண்ணை இறுக்கிப் பெறும் உச்ச அடர்த்தி) 95 சதவீதம், வாகனம் ஓடும் தளத்துக்கு அடியில் மேல் 500 மி.மீட்டருக்கு 97. மணல் மாற்று முறையில் (தோண்டிய சிறு குழியை மணலால் நிரப்பி அளப்பது) சோதனை. அடுக்குக்கு அடுக்கு சோதனைத் தாள் இல்லாமல் மேலே மட்டும் நான்கு இடத்தில் சோதித்த அறிக்கை, மேல் 200 மி.மீட்டரைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

அடியில் மென்களிமண் என்றால் ஒரு மீட்டர் மண்ணே அதை மெல்ல அமுக்கும். கட்டடம் பைல் (ஆழத் தூண் அடித்தளம்) மேல் அசையாமல் நிற்கும், சுற்றுத் தளம் இறங்கும். கட்டடத்தில் இருந்து வெளியே வரும் கழிவுநீர்க் குழாய் அந்த எல்லையில்தான் முறியும். அங்கே வளையக்கூடிய இணைப்பு வையுங்கள். நிரப்பு வேலையை ஒரு மழைக்காலத்துக்கு முன்பே முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் உயர்த்தினால் பக்கத்து மனைக்காரர் சும்மா இருப்பாரா?

இருக்க மாட்டார். ஒரு மீட்டர் மண்ணைத் தாங்கும் சுவரைத் தாங்குசுவராகவே வடிவமைக்க வேண்டும். 9 அங்குலச் செங்கல் காம்பவுண்டுச் சுவர் அதற்கல்ல. சுவரின் உட்பக்கம் ஜல்லி வடிகட்டியும் அதை ஒட்டி வடிகாலும் வர வேண்டும். நீர்த்துளைகளைப் பக்கத்து மனைப்பக்கம் திறந்து விடக் கூடாது. இதுவரை அவர் மனைத் தண்ணீர் உங்கள் மனை வழியாக ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் எல்லை ஓரமாக ஒரு வடிகால் கொடுத்தாக வேண்டும். வெளி மனைகளின் ஓட்டத்தையும் கணக்கில் காட்டியிருக்கிறார்களா என்று தனியாகப் பார்ப்போம்.

தளத்துக்கு வாட்டம் எவ்வளவு?

காங்கிரீட்டுக்கு 1 சதவீதம், பேவருக்கு ஒன்றரை, தாருக்கு 2, புல்தரைக்கு 2. மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தில் எந்தத் திசையிலும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைச் சரிவு 12-க்கு 1-ஐ விடச் செங்குத்தாகக் கூடாது. கட்டடத்தைச் சுற்றி முதல் 3 மீட்டருக்காவது தண்ணீர் வெளிநோக்கி ஓட வேண்டும்.

வரைபடத்தில் சம உயரக் கோடு மட்டும் போதாது. ஒவ்வொரு மூலைக்கும், கம்பிச்சட்டத்துக்கும், வாசலுக்கும், கெர்பின் (பாதை ஓரக் கல்) மேலும் கீழும் மட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் செய்யும் சோதனை எளியது: எந்த இடத்திலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எந்தக் கம்பிச்சட்டத்துக்குப் போகும் என்று விரலால் காட்ட முடிய வேண்டும். அந்தச் சட்டம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்த வழியாகச் சாலைக்குப் போகும் என்பதையும் காட்ட முடிய வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பல வரைபடங்களில் விடை "பேஸ்மெண்ட் ராம்ப் வழியாக" என்றுதான் வருகிறது. ராம்ப் தொடங்கும் இடத்தில் சுற்றுத் தளத்தை விட 200 முதல் 300 மி.மீ. உயர்ந்த மேடு வேண்டும். குறுக்கே ஒரு வடிகால் மட்டும் வைத்துவிட்டால் போதும் என்பது வேலைக்காகாது. இலை தழை சேர்ந்தால் அது பத்து நிமிடத்தில் மூடிக்கொள்ளும்.

மழைநீர்க் குழாயின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஓட்டக் கெழு (பெய்த மழையில் ஓடிவரும் பங்கு), மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.), பரப்பு (ஹெக்டேர்) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். கெழு 0.9, செறிவு 60 என்றால் மாதிரி மனைக்கு 0.15, அதாவது விநாடிக்கு 150 லிட்டர். மேனிங் கெழு (குழாய் உட்புறச் சொரசொரப்பைக் குறிப்பது) 0.013 கொண்ட 450 மி.மீ. காங்கிரீட் குழாய், 300-க்கு 1 வாட்டத்தில் நிரம்பி ஓடினால் 165 லிட்டர் எடுக்கும், சரி. வாட்டத்தை 500-க்கு 1 ஆக்கினால் அதே குழாய் 127 லிட்டர்தான் எடுக்கும், போதாது. செறிவு 100 என்றால் 250 லிட்டர் வரும், 600 மி.மீ. குழாயை 500-க்கு 1-ல் போட்டால் 274 லிட்டர் போகும். செறிவை எந்த மழைமானி நிலையத்தின் பதிவிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு எடுத்தீர்கள் என்று கணக்குத் தாளில் எழுதாவிட்டால் மீதிக் கணக்கைப் படிக்க மாட்டோம்.

வாகனம் போகும் இடத்தில் என்பி3 வகுப்புக்கு (குழாயின் வலுவைக் குறிக்கும் தரம்) குறைந்த காங்கிரீட் குழாய் வேண்டாம்.

சாலை வடிகாலே நிரம்பி நின்றால்?

அப்போது மனைக்குள் தேக்கித்தான் விட முடியும். வெளியே விநாடிக்கு 50 லிட்டர்தான் விட முடியும் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் 60 மி.மீ. பெய்தால் உள்ளே வருவது 540 கன மீட்டர், வெளியே போவது 180. மீதி 360 கன மீட்டருக்குத் தொட்டி வேண்டும். இரண்டு மணி நேர மழைக்கும் இதே கணக்கைப் போட்டு, எது பெரிதோ அதை எடுக்க வேண்டும். பம்ப் 50 லிட்டர் திறனில் ஒன்று ஓட, ஒன்று மாற்றாக. மொத்த உயரம் 4 மீ என்றால் 5 எச்பி போதும். இரண்டும் ஜெனரேட்டர் வரிசையில் இருக்க வேண்டும். மழை கொட்டும் நேரத்தில்தான் கரண்ட் போகும். வெளியேறும் குழாயின் வாயில் ஒருவழி மூடி இல்லாவிட்டால் சாலைத் தண்ணீர் திரும்பி உள்ளே வரும்.

மழைநீர் சேகரிப்புக் குழிகள் இருக்கின்றனவே, அவை இந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளாதா?

எடுக்காது. 4,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 60 மி.மீ. மழை 240 கன மீட்டர். ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஜல்லிக் குழியில் இடைவெளி 40 சதவீதம், கொள்வது 0.6 கன மீட்டர். நானூறு குழிகள் வேண்டும். களிமண்ணில் அவையும் நவம்பர் முதல் வாரத்திலேயே நிரம்பி நிற்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்துதான் ஆக வேண்டும், செய்வதும் நல்லது. ஆனால் வெள்ளக் கணக்கில் அதைக் கழிக்காதீர்கள். களிமண் மனையில் மாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்புக்கு எடுப்பதும், களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்குவரை போகும் செறிவூட்டுக் கிணறும்தான் பயன் தரும். வண்டி நிறுத்தும் இடத்து எண்ணெய்த் தண்ணீரை அதில் விடக் கூடாது.

கழிவுநீர்க் குழாயில் எங்கே இடறுகிறது?

வாட்டத்தில். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி 100 மி.மீ. குழாய்க்கு 57-க்கு 1, 150 மி.மீ. குழாய்க்கு 100-க்கு 1, 200 மி.மீ. குழாய்க்கு 145-க்கு 1. மாதிரி மனையில் முதல் சேம்பரின் அடி +4.20. 150 மி.மீ. குழாய் 120 மீ ஓடினால் 1.20 மீ இறங்கும். நடுவில் நான்கு மேன்ஹோல், ஒவ்வொன்றிலும் 30 மி.மீ.; கடைசியில் +2.88. வெளியே குடிநீர் வாரிய மேன்ஹோலின் அடி +3.10 என்றால் 0.22 மீ பற்றாக்குறை.

இங்கே பலர் செய்வது, குழாயை 200 ஆக்கி வாட்டத்தைக் குறைப்பது. தாளில் மட்டம் சரியாகிவிடும். ஆனால் அந்த வாட்டம் பாதிக்குக் குறையாமல் நிரம்பி ஓடும் குழாய்க்குச் சொன்னது. ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகம் ஆளுக்கு 45 லிட்டர் வீதம் நாளுக்கு 45,000 லிட்டர்தான் செலவழிக்கும். அதில் 80 சதவீதம் கழிவு. பெரிய குழாயின் அடியில் அது நூலாக ஓடும், வேகம் இருக்காது, கசடு தங்கும். முதல் சேம்பரை வெளியேறும் முனைக்கு அருகே நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஏற்றுத் தொட்டி வைத்துப் பம்ப் செய்யுங்கள்.

மேன்ஹோல் 30 மீட்டருக்கு ஒன்று. உள்ளே வரும் குழாய் 600 மி.மீட்டருக்கு மேல் உயரத்தில் வந்தால் விழுகுழாய் கொண்ட மேன்ஹோல். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது விதிமீறல்; முதல் மழையிலேயே தரைத்தளக் கழிப்பறையில் அது தெரிந்துவிடும்.

நிலத்தடித் தொட்டி மிதக்கும் என்பது உண்மையா?

உண்மை. எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தொட்டியின் வெளியளவு 10 × 6 × 3.5 மீ என்று வையுங்கள். நிலத்தடி நீர் தரைவரை ஏறினால் மேல்தள்ளு விசை 210 டன். அடித்தளம் 300, சுவர் 250, மேல்தளம் 200 மி.மீ. என்றால் காங்கிரீட் சுமார் 53 கன மீட்டர், எடை 133 டன். காலியாக இருந்தால் நிச்சயம் எழும்பும். 1.2 பாதுகாப்புக் காரணிக்கு 252 டன் வேண்டும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் உட்கார வைப்பது மலிவான வழி. தளத்தைத் தடிப்பாக்குவது அடுத்தது. கட்டும்போதே அக்டோபர் வந்துவிட்டால் தொட்டியில் தண்ணீரை நிரப்பி வையுங்கள். பராமரிப்புக்குக் காலி செய்வதும் கோடையில்தான் என்று இயக்கக் கையேட்டில் எழுத வேண்டும்.

எஸ்டிபிக்கு யாரிடம் அனுமதி?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

கேபிள்களுக்கு என்ன பார்க்கிறீர்கள்?

இந்தியத் தர விதி ஐஎஸ் 1255-ன்படி எல்டி (குறைந்த மின்னழுத்த) கேபிளின் மேல்பகுதி 0.75 மீ ஆழத்தில், 11 கேவி 0.90 மீ, 33 கேவி 1.05 மீ, சாலையைக் கடக்கும் இடத்தில் 1.0 மீ. கீழும் மேலும் மணல், அதன்மேல் காப்புச் செங்கல் அல்லது பலகை, எச்சரிக்கை நாடா. இந்த ஆழம் முடிவான தரையிலிருந்து. நிரப்புவதற்கு முன் போட்டுவிட்டால் பிறகு இரண்டு மீட்டர் தோண்ட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர், ஆர்எம்யு (உயர் அழுத்த இணைப்புப் பெட்டி), பில்லர் பாக்ஸ் (கேபிள் பிரியும் பெட்டி) எல்லாவற்றின் மேடையும் பிளிந்த் மட்டத்தில் அல்லது அதற்கு மேல். மின் அறைக்குத் தண்ணீர் கதவு வழியாக வருவது குறைவு. வெளியே கேபிள் சேம்பர் நிரம்பி, அடைக்காமல் விட்ட டக்ட் (கேபிள் நுழையும்) குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. உதிரி டக்ட்டுகளுக்கும் மூடி போட வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது?

வாட்டத்தில் ஓடுபவை நகராது. முதலில் கழிவுநீர், அடுத்து மழைநீர். அழுத்தத்தில் ஓடும் குடிநீரும் தீயணைப்புக் குழாயும் வளைந்து போகட்டும், கேபிள் கடைசி. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயிலிருந்து பக்கவாட்டில் 3 மீ தள்ளியும், கடக்கும் இடத்தில் குறைந்தது 0.5 மீ மேலேயும் இருக்க வேண்டும். ஒரே டிரெஞ்சில் இரண்டையும் போட்டுச் செலவைக் குறைக்கும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு கடப்பிடத்துக்கும் எண் கொடுத்து அட்டவணை கேட்போம்: மேல் குழாயின் அடி, கீழ்க் குழாயின் உச்சி, நடு இடைவெளி. அடிமட்டத்தை மட்டும் வைத்துக் கழித்துவிட்டுக் குழாயின் தடிமனை மறப்பது வழக்கமான தப்பு. 450 மி.மீ. என்பி3 குழாயின் வெளிவிட்டம் 450 அல்ல. தாளில் 100 மி.மீ. இடைவெளி காட்டும் இடத்தில் தளத்தில் கை நுழையாது.

தீயணைப்பு வண்டிப் பாதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

6 மீ அகலம், 9 மீ திருப்ப ஆரம், 45 டன் வண்டியைத் தாங்கும் தளம். அந்தப் பாதையின் கீழ் சம்ப்போ எஸ்டிபியோ வந்தால் அதன் மேல்தளமும் அதே சுமைக்கு. மேன்ஹோல் மூடி ஐஎஸ் 12592-ல் இஎச்டி 35 தரம் (35 டன் தாங்கும் மிகக் கனரக மூடி). புல்தரைக்கு வாங்கிய இரண்டரை டன் மூடியை மிச்சமிருக்கிறதே என்று பாதையில் வைத்துவிடுவார்கள். வரைபடத்தில் மூடிக்கு மூடி தரத்தை எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

மண் மூடும் முன் தளத்தில் எதைச் சோதிக்க வேண்டும்?

மேன்ஹோலுக்கு மேன்ஹோல் கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்தால் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும்; பிறை போலத் தெரிந்தால் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. குழாய் விட்டத்தை விட 13 மி.மீ. சிறிய பந்தை மேல் முனையில் விட்டால் கீழே தானாக வந்து சேர வேண்டும். பிறகு நீர்க் கசிவுச் சோதனை. ஒவ்வொரு சேம்பரின் அடிமட்டத்தையும் ஆட்டோ லெவல் வைத்து எடுத்து, வரைபட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேபிள் இணைப்பு ஒவ்வொன்றையும் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மனை எல்லைக்கல்லிலிருந்து அளந்தால், அந்தக் கல் ஐந்து ஆண்டில் இடம் மாறியிருக்கும்.